பசுமைக் கரைப்பான் டைஜெஸ்டருக்குள் எத்தனை சுற்று தாங்கும்?

கேள்வி இது: "காகிதத்துக்காக மரத்தைக் கூழாக்க எத்தனால், காமா-வேலரோலாக்டோன், கலந்ததும் குறைந்த வெப்பத்திலேயே உருகும் டீப் யூடெக்டிக் கரைப்பான்கள் என்று பல பசுமைக் கரைப்பான்களைப் பரிந்துரைக்கிறார்கள். 200 டிகிரி வரை தாங்கும் என்று விவரத்தாளில் போட்டிருக்கிறது. கூழாக்கமோ 120 முதல் 195 டிகிரிக்குள் முடிந்துவிடுகிறது. பிறகு ஏன் இவற்றின் வேதி நிலைத்தன்மையைப் பற்றி இத்தனை ஆய்வு? அமிலத்திலும் காரத்திலும் எது தாங்கும், எது தாங்காது?"

விவரத்தாளில் இருக்கும் எண் பெரும்பாலும் தூய கரைப்பானைத் தனியாகச் சூடேற்றி எடுத்தது. டைஜெஸ்டருக்குள், அதாவது மரத்தை வேகவைக்கும் மூடிய கலனுக்குள், அது தனியாக இருப்பதில்லை. கூடவே தண்ணீர் இருக்கிறது. மரத்திலிருந்து கழன்று வரும் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. மர இழைகளை ஒட்டிவைக்கும் லிக்னினின் துண்டுகள், சர்க்கரைகள், அவை சிதைந்து வரும் ஃபர்ஃப்யூரல், மரத்தின் தாதுக்களிலிருந்து வரும் உலோக அயனிகள் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதோடு, ஒரு தடவை சமைத்ததும் கொட்டிவிடுகிற சரக்கு அல்ல அது. மீட்டெடுத்து மறுபடி மறுபடி அதே கொதிப்புக்குள் அனுப்ப வேண்டும். அதனால் நான் முதலில் கேட்பது வெப்பநிலையை அல்ல. இந்தக் கரைப்பான் மாறினால் என்னவாக மாறுகிறது, அந்த மாற்றத்தைத் திருப்ப முடியுமா என்றுதான் கேட்பேன். திரும்பி வரக்கூடிய மாற்றம் என்றால் அதோடு வாழ்ந்துவிடலாம். திரும்பாத மாற்றம் அரை சதவீதம் என்றாலும் ஆலையை முடக்கிவிடும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். விளைச்சல் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கூழுக்குச் சுமார் 2.2 டன் உலர் மரம் வேண்டும். ஒரு கிலோ மரத்துக்கு 5 கிலோ சமையல் திரவம் என்றால் மொத்தம் 11 டன் திரவம். அதில் பாதி கரைப்பான் என்றால் 5.5 டன். ஒரு சுற்றில் 1 சதவீதம் போனாலே, ஒரு டன் கூழுக்கு 55 கிலோ கரைப்பான் காணாமல் போகிறது. வேறு விதமாகவும் பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் 98 சதவீதம் திரும்பி வருகிறது என்றால், முதலில் ஊற்றியதில் 50 சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது சுமார் 36 சதவீதம். 99 சதவீதம் என்றால் 60. 99.9 சதவீதம் என்றால்தான் 95 மிஞ்சும். "98 சதவீத மீட்பு" என்று படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆலைக் கணக்கில் அது போதாது.

பழைய கிராஃப்ட் முறைக்கு இந்தத் தலைவலி ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1879-இல் கார்ல் டால் உருவாக்கிய அந்த முறையில் சமையல் வேதிப்பொருள்கள் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சல்ஃபைடும். இரண்டும் கனிமப் பொருள்கள். சமைத்து முடிந்த கருந்திரவத்தைக் கெட்டியாக்கி ரெக்கவரி பாய்லரில் எரித்தால், லிக்னின் எரிந்து நீராவி தருகிறது, சோடியமும் கந்தகமும் உருகிய உப்பாக அடியில் இறங்குகின்றன. அதைக் கரைத்து, சுண்ணாம்பு சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். 95 சதவீதத்துக்கும் மேல் திரும்பி வரும். சமைக்கும்போது அது எத்தனை வடிவம் மாறியிருந்தாலும் நெருப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். கரிமக் கரைப்பானை நெருப்பில் போட்டால் அதுவே எரிந்துபோகும். நெருப்பின் உதவி இல்லாமல் மூலக்கூறு முழுசாகத் திரும்பி வர வேண்டும். பசுமைக் கரைப்பான் முறைகளின் எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இனி ஒவ்வொன்றாக. காமா-வேலரோலாக்டோனை, சுருக்கமாக ஜிவிஎல்லை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கேள்வியில் இருக்கும் அமில-காரக் குழப்பம் இதில்தான் அழகாக அவிழும்.

ஜிவிஎல் ஐந்து அணு வளையம் கொண்ட ஒரு லாக்டோன், அதாவது தன்னுடைய வாலைத் தானே பிடித்துக்கொண்ட எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் தண்ணீரை விட்டு இணைந்த சேர்மம்). கொதிநிலை 207 டிகிரி. செல்லுலோசிலிருந்து கிடைக்கும் லெவுலினிக் அமிலத்தோடு ஹைட்ரஜனைச் சேர்த்து இதைத் தயாரிக்கலாம் என்பதால், மரத்தைக் கரைக்கும் திரவத்தை மரத்திலிருந்தே எடுக்க முடிகிறது. 2008-இல் இஸ்த்வான் ஹோர்வாத் குழு இதை நீடித்த பயன்பாட்டுக்கான திரவமாக முன்வைத்த பிறகு கவனம் கூடியது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் சிக்ஸ்டாவின் குழு ஜிவிஎல்லும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, சுமார் 180 டிகிரியில் மரத்தைக் கூழாக்கிக் காட்டியது.

எஸ்டர் என்றாலே தண்ணீரில் உடையும் அல்லவா? உடையும். வளையம் திறந்து 4-ஹைட்ராக்சி வேலரிக் அமிலம் உருவாகும். அந்த அமிலமோ தன் ஹைட்ராக்சில் முனையாலேயே மறுபடி வளைந்து ஜிவிஎல்லாக மூடிக்கொள்ளும். இரு பக்கமும் ஓடுகிற சமநிலை இது. ஐந்து அணு வளையம் சௌகரியமான அமைப்பு என்பதால், தராசு பெரிதும் ஜிவிஎல் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

பலர் தடுமாறும் இடம் அடுத்தது. அமிலம் இந்த நீராற்பகுப்பை வேகப்படுத்தும். அதைப் படித்துவிட்டு "அமிலத்தில் ஜிவிஎல் நிலையற்றது" என்று எழுதிவிடுகிறார்கள். வினையூக்கி சமநிலை எங்கே நிற்கும் என்பதை மாற்றாது, அங்கே எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை மட்டும் மாற்றும். அமிலம் இல்லாமல் பல மணி நேரம் எடுப்பது அமிலத்தோடு சீக்கிரம் நடக்கும், ஆனால் அதே சொற்ப அளவில் போய் நின்றுவிடும். சமைத்து முடித்து, தண்ணீரை வடித்து எடுத்துவிட்டால் தராசு மறுபடி ஜிவிஎல் பக்கம் நகரும், திறந்த வளையம் மூடிக்கொள்ளும். மீட்புக்கான வடிகலனில் இருக்கும் கொஞ்சம் அமிலம் அந்த மூடுதலையும் வேகப்படுத்தும். ஆகவே அமிலச் சூழலில் உருவாகும் ஹைட்ராக்சி அமிலத்தை நான் இழப்புக் கணக்கில் எழுத மாட்டேன்.

காரத்தில் கதை வேறு. ஹைட்ராக்சைடு வளையத்தைத் திறந்ததும் உருவான அமிலம் உடனே சோடியம் உப்பாகிவிடும். அந்த உப்பால் வளைந்து மூட முடியாது. சமநிலையிலிருந்து ஒரு பக்கத்தை யாரோ தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருப்பது போல, காரம் தீரும்வரை ஜிவிஎல் திறந்துகொண்டே போகும். ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு. எடைக் கணக்கில், 1 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு 2.5 கிலோ ஜிவிஎல்லை விழுங்கும். திரும்ப வேண்டுமென்றால் வலிய அமிலம் ஊற்ற வேண்டும். கந்தக அமிலம் என்றால் அந்த 2.5 கிலோவை மீட்க 1.2 கிலோவுக்குச் சற்றே கூடுதலாக அமிலம் செலவாகும், 1.8 கிலோ அளவுக்கு சோடியம் சல்ஃபேட் கையில் மிஞ்சும். வேதியியல் ரீதியாகத் திருப்பக்கூடிய மாற்றம்தான் இதுவும், ஆனால் காசு கொடுத்துத் திருப்ப வேண்டியது.

நடுவில் பிஎச் 4-க்கும் 7-க்கும் இடைப்பட்ட பகுதியையும் கவனிக்க வேண்டும். ஹைட்ராக்சி அமிலம் மற்ற எளிய கார்பாக்சிலிக் அமிலங்களைப் போலவே பிஎச் 5-க்கு அருகில் பாதி அயனியாகிவிடும். அயனியான பாகம் வளையமாக மூடாது. அதனால் கரைசலில் பிஎச்சை நிலைநிறுத்தும் தாங்கல் உப்புகள், மரத்தின் தாதுக்களிலிருந்து வரும் பொட்டாசியம், கால்சியம் போன்றவை அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்கினால், பிஎச் சற்று ஏறும்போதே திறந்த வடிவத்தின் பங்கு கூடிவிடும். நல்ல வேளையாக, மரமே இதில் உதவுகிறது. மரத்தில் செல்லுலோசோடு இருக்கும் குறுஞ்சங்கிலிப் பொருளான ஹெமிசெல்லுலோசின் அசெட்டில் தொகுதிகள் கழன்று அசெட்டிக் அமிலமாகி, வேறு எதுவும் சேர்க்காவிட்டாலும் திரவத்தின் பிஎச்சை 4-க்கு அருகில் கொண்டுவந்துவிடும். ஜிவிஎல் பத்திரமாக இருக்கும் பகுதி அது.

இதிலிருந்து வரும் நடைமுறை விதி: கூழிலிருந்து ஜிவிஎல் முழுதும் கழுவப்படும்வரை காரம் அருகில் வரக்கூடாது. சமையலுக்குப் பிறகு காரத்தால் மீதி லிக்னினைக் கழுவி எடுக்கும் வழக்கம் கிராஃப்ட் பழக்கத்திலிருந்து வருகிறது. இழையின் துளைகளுக்குள் தங்கிய ஜிவிஎல் முழுவதும் அங்கே உப்பாகிப் போய்விடும். பிறகு பகுப்பாய்வில் ஜிவிஎல் குறைகிறது என்று வெப்பச் சிதைவைத் தேடி அலைவார்கள். ஆவியாகும் பொருள்களை மட்டும் காட்டும் வாயுப் பிரிகை வரைவியில் மட்டும் பார்த்தால் இந்த உப்பு கண்ணிலேயே படாது. திரவப் பிரிகையோ, என்எம்ஆர் எனும் காந்த ஒத்ததிர்வு அளவீடோ சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான வெப்பச் சிதைவும் ஜிவிஎல்லுக்கு உண்டு. திட அமில வினையூக்கியின் மேல் 300 டிகிரிக்கு மேல் சென்றால் பென்டெனோயிக் அமிலம் வழியாக பியூட்டீனாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் உடையும். அதை எரிபொருள் தயாரிப்பாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். கூழாக்க வெப்பநிலை அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. ஜிவிஎல்லின் உண்மையான சிரமம் வேறு: கொதிநிலை தண்ணீரைவிட மிக அதிகம் என்பதால், மீட்கும்போது தண்ணீரைத்தான் ஆவியாக்க வேண்டும், ஆற்றல் செலவு கூடும். கொதிகலனின் அடியில் லிக்னினும் சர்க்கரையும் ஜிவிஎல்லோடு சேர்ந்து நீண்ட நேரம் வேகும். திரவக் கார்பன் டைஆக்சைடால் ஜிவிஎல்லைப் பிரித்தெடுக்கும் முயற்சி இதைத் தவிர்க்கத்தான்.

எத்தனால் பழையது, நன்றாகச் சோதிக்கப்பட்டது. கிளைனெர்ட்டும் டாயென்டாலும் 1931-இலேயே எத்தனால்-தண்ணீர்க் கூழாக்கத்தைப் பதிவு செய்தார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் 1989-இல் தொடங்கிய அல்செல் செயல்விளக்க ஆலை, பாதிக்குப் பாதி எத்தனாலில் சுமார் 195 டிகிரியில் கடின மரத்தைச் சமைத்தது. மூலக்கூறாக எத்தனால் மிக உறுதியானது. கந்தக அமிலம் சேர்த்து வெப்பத்தைக் கூட்டினால் மட்டும் டைஎத்தில் ஈதர் உருவாகும். அது சீக்கிரம் ஆவியாகி எளிதில் தீப்பற்றும் என்பதால் அளவு சிறிதானாலும் அலட்சியம் கூடாது. அசெட்டிக் அமிலத்தோடு சேர்ந்து எத்தில் அசெட்டேட்டும் கொஞ்சம் வரும். பலர் மறந்துவிடுவது லிக்னினோடு சேர்ந்து போகும் பங்கு. லிக்னினின் பக்கச் சங்கிலியில் ஆல்ஃபா கார்பன் அமிலத்தில் கிளர்வடையும்போது எத்தனால் அங்கே போய் ஈதராக ஒட்டிக்கொள்கிறது. இதனால் லிக்னின் தன்னோடு தானே கோத்துக் கெட்டிப்படுவது குறைகிறது, கரைதிறன் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒட்டிய எத்தனால் கணக்கிலிருந்து போய்விட்டது. எத்திலீன் கிளைக்கால், பியூட்டேன்டையால் போன்றவையும் இதையே செய்யும். இங்கே இழப்பும் பயனும் ஒரே வினையில் இருப்பதால், லிக்னினை என்ன விலைக்கு விற்கப்போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

ஃபார்மிக் அமிலம் லிக்னினை அருமையாகக் கரைக்கும், வளிமண்டல அழுத்தத்திலேயே வேலை செய்யும். ஆனால் சூட்டில் மெல்ல கார்பன் மோனாக்சைடும் தண்ணீருமாகவோ, கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜனுமாகவோ உடையும். எது முந்தும் என்பதை அமிலத்தின் செறிவும் உலோகப் பரப்பும் தீர்மானிக்கும். போன வாயு திரும்பாது. மூடிய கலனில் அழுத்தம் ஏறும், கார்பன் மோனாக்சைடு நச்சு. ஆகவே இது இழப்புக் கணக்கோடு நிற்காமல் பாதுகாப்புக் கணக்கிலும் வந்துவிடுகிறது. அடுத்து, செல்லுலோசின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஃபார்மேட் எஸ்டராக ஒட்டிக்கொண்டு கூழோடு வெளியேறும். இதைச் சூடான தண்ணீரில் கழற்றி மீட்கலாம். மீட்டதும் தண்ணீரோடு கலந்திருக்கும். எடையில் சுமார் 77 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் இரண்டும் 107 டிகிரியில் ஒன்றாகக் கொதிக்கும் என்பதால் சாதாரண வடித்தலில் பிரியாது. அசெட்டிக் அமிலம் இதைவிட மிகவும் சாது, உடைவதே அரிது. அதுவும் எஸ்டராக ஒட்டும், ஆனால் மரமே ஓரளவு அசெட்டிக் அமிலத்தைத் தந்து ஈடுகட்டுகிறது.

அசிட்டோனைக் கேட்பவர்களுக்கு: கொதிநிலை 56 டிகிரி என்பதால் மீட்பு சுலபம். ஆனால் அமிலத்திலும் காரத்திலும் தன்னோடு தானே சேர்ந்து டைஅசிட்டோன் ஆல்கஹாலாகவும், பின் தண்ணீரை இழந்து மெசிட்டில் ஆக்சைடாகவும் மாறும். முதல் படி திரும்பக்கூடியது, இரண்டாவதைத் திருப்புவது கடினம். வெப்பத்தைக் குறைத்து, 140 டிகிரி அளவில் சமைக்கும் முறைகள் இந்த இழப்பைக் கட்டுப்படுத்தத்தான் அப்படி அமைக்கப்பட்டன. செல்லுலோசிலிருந்து கிடைக்கும் சைரீன் ஒரு கீட்டோன். தண்ணீரில் ஹைட்ரேட்டாக மாறும், அது திரும்பிவிடும். காரத்தில் ஆல்டால் வினையால் இரட்டை மூலக்கூறாகிவிடும். 2-மெத்தில் டெட்ராஹைட்ரோஃபியூரான் காற்றுபட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்த்துக்கொள்ளும். அதை வடிக்கும் முன் பெராக்சைடு சோதனை செய்யாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது.

டீப் யூடெக்டிக் கரைப்பான்களைப் பற்றி ஆர்வம் நிறைய, அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: கூழாக்கத்துக்குப் பேசப்படும் கரைப்பான்களில் நிலைத்தன்மை பற்றி மிக அதிகமாக மிகைப்படுத்தப்பட்டவை இவைதான். 2003-இல் ஆண்ட்ரூ அபாட் குழு கோலின் குளோரைடும் யூரியாவும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கலந்து, 12 டிகிரியிலேயே உருகும் கலவையைக் காட்டியது. 2013-இல் ஐரோப்பியக் காகிதத் தொழில் கூட்டமைப்பு நடத்திய போட்டியில் இந்தக் கரைப்பான் முறை முதலிடம் பெற்றதும் பலரும் இதில் இறங்கினார்கள். லிக்னின் எடுக்க அதிகம் பயன்படுவது கோலின் குளோரைடும் லாக்டிக் அமிலமும் அல்லது ஆக்சாலிக் அமிலமும்.

சிக்கல் கலவையின் அமைப்பிலேயே இருக்கிறது. கோலினில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. பக்கத்தில் கார்பாக்சிலிக் அமிலம். சூடேற்றினால் இரண்டும் எஸ்டராகாமல் என்ன செய்யும்? கரைப்பானைத் தயாரிக்கச் சூடேற்றும்போதே இந்த வினை தொடங்கிவிடுகிறது. லாக்டிக் அமிலம் தன்னோடு தானே கோத்துச் சங்கிலியாகிறது. ஆக்சாலிக் அமிலம் கார்பன் டைஆக்சைடை விட்டு ஃபார்மிக் அமிலமாகிறது. யூரியா அமோனியாவை விடுகிறது. காரமும் சூடும் சேர்ந்தால் கோலினிலிருந்து ட்ரைமெத்தில் அமீன் கிளம்பும். மீன் நாற்றம் வந்தால் கருவி தேவையில்லை, மூக்கே போதும். எஸ்டராகும்போது வெளியேறும் தண்ணீர் கலவையின் பாகுத்தன்மையையும் அமில வலிமையையும் மாற்றும். ஐந்தாவது சுற்றில் நீங்கள் பயன்படுத்துவது முதல் சுற்றில் பயன்படுத்திய கரைப்பான் அல்ல, பெயர்தான் அதே.

அளவிடும் முறையும் ஏமாற்றும். வெப்ப எடைப் பகுப்பாய்வில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றினால், 200 டிகிரிக்கு மேல்தான் எடை இறங்கத் தொடங்குகிறது என்று வரைபடம் காட்டும். அந்த வேகத்தில் 120 டிகிரியைச் சுற்றியுள்ள பத்து டிகிரியைக் கடக்க ஒரு நிமிடம்தான் ஆகும். டைஜெஸ்டரில் அதே 120 டிகிரியில் ஆறு மணி நேரம் நிற்க வேண்டும். மேலும் எஸ்டர் உருவாவது எடையில் தெரியாது, வெளியேறிய தண்ணீர் மட்டும்தான் தெரியும், அதுவும் உள்ளேயே தங்கினால் தெரியவே தெரியாது. இந்தக் கலவைகளை வடித்து எடுக்கவும் முடியாது. கழுவிய தண்ணீரை ஆவியாக்கி மிச்சத்தை மீண்டும் பயன்படுத்துகிறார்கள், அப்போது சர்க்கரைக் கழிவு, ஃபர்ஃப்யூரல் கசடு எல்லாம் அதிலேயே சேர்ந்துகொண்டே போகும். மொத்த எடை குறையவில்லை என்று "95 சதவீத மீட்பு" என்று எழுதிவிடலாம். அந்த எடையில் எவ்வளவு உண்மையான கரைப்பான் என்று பார்த்திருக்க வேண்டும். குளோரைடு எஃகை அரிப்பது தனி விவகாரம்.

அயனித் திரவங்களிலிருந்து, அதாவது குறைந்த வெப்பத்திலேயே உருகும் உப்புகளிலிருந்து, ஒரே ஒரு எடுத்துக்காட்டு. ஆல்டோவும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய அயான்செல் முறையில், அதாவது செல்லுலோசைக் கரைத்து இழையாக நூற்கும் முறையில், முதலில் டிபிஎன் என்ற காரத்தின் அசெட்டேட் உப்பைப் பயன்படுத்தினார்கள். செல்லுலோசை அற்புதமாகக் கரைத்தது. ஆனால் மீட்கும்போது தண்ணீரோடு சூடாக்க வேண்டியிருந்தது, அந்தச் சூட்டில் டிபிஎன்னின் இரட்டை வளையம் நீராற்பகுப்பால் திறந்துகொண்டது. திறந்த பொருள் செல்லுலோசைக் கரைக்காது, சேர்ந்துகொண்டே போகும். தண்ணீரை மேலும் தாங்கும் வேறொரு காரத்துக்கு ஆய்வு நகர்ந்தது இதனால்தான். கரைக்கும் திறனில் முதலிடம் பெற்றது மீட்பில் இடறிய கதை இது.

நிலையற்றது என்றாலே கைவிட வேண்டும் என்றும் இல்லை. செல்லுலோசைக் கரைத்து நூற்கும் லையோசெல் இழைக்குப் பயன்படும் என்-மெத்தில் மார்ஃபோலின் ஆக்சைடு இரும்பு, செம்பு அயனிகள் பட்டால் வேகமாகச் சிதையும், கட்டுமீறி வெப்பம் வெளியிட்டு வெடிக்கவும் கூடும். புரோப்பில் கேலேட் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்த்து, உலோக அயனிகளை வடிகட்டி, வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்து, 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டு ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எப்படிச் சிதைகிறது என்பதை அடிமுதல் நுனிவரை புரிந்துகொண்டார்கள், அதனால் அடக்க முடிந்தது.

நீங்களே ஒரு கரைப்பானைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று வரிசையாகச் செய்யுங்கள். முதலில் கரைப்பானும் தண்ணீரும் மட்டும், சமைக்கும் வெப்பநிலையில், சமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம். பிறகு அதோடு அசெட்டிக் அமிலமும் ஃபர்ஃப்யூரலும் சேர்த்து, பிஎச்சை 2 முதல் 12 வரை மாற்றி. கடைசியில் மரச்சீவல்களோடு, மீட்ட திரவத்தையே திரும்ப ஊற்றி, புதுக் கரைப்பானால் ஈடுகட்டாமல் குறைந்தது ஐந்து சுற்று. ஒவ்வொன்றிலும் திரவம், கூழ், வீழ்படிந்த லிக்னின், மேல்வெளி வாயு நான்கிலும் கரைப்பானின் கார்பனைத் தேடுங்கள். கலனை எஃகிலும் கண்ணாடியிலும் ஒவ்வொரு முறை செய்து ஒப்பிட்டால், சிதைவுக்குக் காரணம் உலோகமா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிஎச்சை அறை வெப்பநிலையில் அளந்து, 180 டிகிரியிலும் அதுவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கிலும் கூட்டியது 98 சதவீதத்துக்குக் கீழே நின்றால், காணாமல் போன பங்கைத் தேடாமல் அடுத்த சோதனைக்குப் போக வேண்டாம்.